பாதியில் நிற்கத் தெரிந்த ஏர் கன்

வண்டிக்குச் சக்கரம் மாட்டுகிற உங்களில் ஒருவர் போன வாரம் போன் செய்தார். "அண்ணே, புதுசா ஏர் கன் வாங்கித் தாரேன்னு முதலாளி சொல்லிட்டாரு. எது நல்லா அடிக்கும்? நீங்க சொல்றதையே வாங்கிருவோம்" என்றார். காற்றில் ஓடி நட்டை இறுக்குகிற கன்தானே, யோசித்துச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன்.

எது நல்லா அடிக்கும் என்று நானும் ஒரு நாள் கடையில் போய்க் கேட்டவன்தான். அங்கே கிடைத்த பதிலைத் தூக்கிக்கொண்டு வந்ததன் பலன், ஆறு நோயாளிகளை நான்குவழிச் சாலை ஓரத்தில் உட்கார வைத்தேன். அதைச் சொல்லாமல் கன்னின் பெயரை மட்டும் சொன்னால் உங்களுக்கு ஒரு பிரயோசனமும் இல்லை. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். உங்களில் இரண்டு பேர் ஐடிஐ முடித்து வந்த பெண்கள் என்று கேள்விப்பட்டேன். எல்லோரும் படியுங்கள். கொஞ்சம் நீளமாகத்தான் வரும்.

நான் ஓய்வு பெறுவதற்கு ஐந்தாறு வருஷம் முன்னால் நடந்தது இது. மதுரை மாட்டுத்தாவணியைத் தாண்டி மேலூர் ரோட்டில் இருந்த ஒர்க்‌ஷாப்பில் நான் தலைமை மெக்கானிக். வருகிற வண்டியில் பாதிக்கு மேல் பஸ். பஸ் சக்கரத்து நட்டு பழைய கன்னுக்கு அசையவில்லை என்று முதலாளியிடம் சண்டை போட்டு, கடையில் இருந்ததிலேயே பெரிய கன்னை வாங்க வைத்தவன் நான். அதை இரண்டு கையாலும் பிடிக்க வேண்டும். விசையை அழுத்தினால் ஒரே வேகம்தான், உச்ச வேகம். அழுத்தாவிட்டால் ஓடாது. நடுவில் எதுவும் கிடையாது. பஸ்ஸுக்கு அது நன்றாகவே உழைத்தது. அந்தச் சந்தோஷத்தில் எல்லா வண்டிக்கும் அதையே எடுக்க ஆரம்பித்தேன்.

சிக்கந்தர் பாய் என்று ஒருவர். டவுனுக்குள் பழைய குடும்பம். சொந்தமாக ஒரு வேன் வைத்திருந்தார். கொட்டாம்பட்டிப் பக்கத்துக் கிராமங்களிலிருந்து ஆறு பேரை வாரத்தில் மூன்று நாள் மதுரையில் ஓர் ஆஸ்பத்திரிக்கு டயாலிசிஸுக்குக் கூட்டிவந்து, முடிந்ததும் திரும்பக் கொண்டுபோய் விடுவார். சிறுநீரகம் வேலை செய்யாதவர்கள். மெஷினில் நான்கு மணி நேரம் ரத்தம் சுத்தமானால்தான் அடுத்த இரண்டு நாள் அவர்களுக்கு ஓடும். ஒரு முறை தவறினால் உடம்பில் நீர் ஏறிவிடும், மூச்சு முட்டும். இதெல்லாம் அவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

ஒரு சனிக்கிழமை, பின்பக்கம் இரண்டு டயரும் மாற்ற வேண்டும் என்று வேனைக் கொண்டுவந்தார். அன்றைக்குப் பார்த்து மூன்று பஸ் வரிசையில் நின்றது. வேன்தானே, பத்து நிமிஷ வேலை என்று நானே இறங்கினேன். டயரை மாட்டினேன். நட்டை விரலால் நாலு சுற்று ஏற்றிவிட்டுத்தான் கன் வைக்க வேண்டும். ஒரு கையில் அந்தக் கன்னைத் தூக்கிக்கொண்டு இன்னொரு கையால் நட்டை ஏற்ற முடியாது, கீழே வைத்து எடுக்க வேண்டும். அதற்குச் சோம்பல்பட்டு, நட்டைக் கன்னின் வாயிலேயே சொருகி நேராக ஸ்டட்டில், அதாவது சக்கரத்தைத் தாங்கும் மரைக் கம்பியில், வைத்து அழுத்திவிட்டேன்.

ஐந்து நட்டு போனது. ஆறாவது நட்டு கொஞ்சம் கோணலாகப் பிடித்தது. கைக்குத் தெரிந்தது. இதை நான் ஒளிக்க விரும்பவில்லை, உள்ளங்கையில் அது தெளிவாகவே தெரிந்தது. கன் ஒரு மாதிரி கரகரத்தது. விரலை எடுக்க வேண்டும் என்று நினைப்பதற்குள் நட்டு ஸ்டட்டின் மரையைத் தின்றுகொண்டே அடிவரை போய் உட்கார்ந்துவிட்டது. வெளியே பார்த்தால் மற்ற ஐந்தைப் போலவே இருந்தது. கழற்றிப் பார்த்தால் அரை மணி நேரம் போகும். பஸ்காரர் பின்னால் நின்று ஹாரன் அடித்தார். நான் அடுத்த சக்கரத்துக்குப் போய்விட்டேன்.

செவ்வாய்க்கிழமை காலை. நான் அப்போதுதான் ஒர்க்‌ஷாப்பில் சட்டை மாற்றிக்கொண்டிருந்தேன். போன் வந்தது.

"அண்ணே, மேலூருக்கு முன்னாடி நிக்கிறேன். பின் டயர்ல ஆணி ஏறிருச்சு. ஸ்டெப்னி மாத்தலாம்னு பாத்தா நட்டு ஒண்ணு கூட அசைய மாட்டேங்குது. ஸ்பேனர் மேல ஏறி நின்னு மிதிச்சேன். ஒரு ஸ்டட் மளுக்குன்னு ஒடிஞ்சு போச்சு."

எந்தச் சக்கரம் என்று கேட்டேன். இடது பின்சக்கரம் என்றார். அதுதான்.

"வண்டியில ஆளு இருக்காங்களா பாய்?"

"ஆறு பேரும் இருக்காங்கண்ணே. ஒம்பது மணிக்கு அங்க இருக்கணும்."

அப்போது மணி ஏழரை. இந்த இடத்தில் நான் எடுத்த முடிவைத்தான் நீங்கள் கவனிக்க வேண்டும். "யாரையும் எங்கயும் அனுப்பாதீங்க. அரை மணி நேரத்துல வாரேன். கழட்டிருவோம்" என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன்? வேறு வண்டி பிடித்தால் ஆஸ்பத்திரிக்குத் தெரியும். என்ன ஆச்சு என்று கேட்பார்கள். அதற்குள் போய்க் கழற்றிவிட்டால் டயர் பஞ்சர் என்பதோடு கதை முடியும். அந்த நேரத்தில் நான் நோயாளிகளை நினைக்கவில்லை. என் பெயரை நினைத்தேன்.

பெரிய ஸ்பேனர், ஐந்தடி இரும்புக் குழாய், உளி, சுத்தியல் எல்லாவற்றையும் சாக்கில் கட்டி பைக்கில் வைத்துக்கொண்டு போனேன். கன் அங்கே உதவாது, காற்றுக்கு எங்கே போவது? அந்தக் கன் இறுக்கியதை ரோட்டில் மனிதன் கையால்தான் கழற்ற வேண்டும். பைக் ஓட்டும்போதுதான் அது எனக்கு முதல்முறையாக உறைத்தது.

போனபோது வேன் ஓரத்தில் ஒருபக்கம் சாய்ந்து நின்றது. நோயாளிகளைப் பக்கத்தில் ஒரு வேப்பமரத்தடியில் உட்கார வைத்திருந்தார் பாய். ஒரு பெரியவர் மட்டும் படுக்க முடியாமல், மரத்தில் சாயவும் முடியாமல், முன்னால் குனிந்து உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். ஞாயிற்றுக்கிழமை பேரன் காதுகுத்தில் கொஞ்சம் அதிகமாகத் தண்ணீர் குடித்துவிட்டாராம்.

நான் நேராகச் சக்கரத்துக்குப் போனேன். ஸ்பேனரில் குழாயைச் சொருகி பாயும் நானும் சேர்ந்து இழுத்தோம். முதல் நட்டு பெரிய சத்தத்தோடு விட்டது. இரண்டாவது விட்டது. எனக்கு நம்பிக்கை வந்தது. மூன்றாவதில் ஸ்டட் முறிந்தது. இப்போது இரண்டு போச்சு. அந்தக் கோணல் நட்டு அசையவே இல்லை. குழாய்தான் வளைந்தது. நான் உளியை எடுத்தேன். இருபது நிமிஷம் போயிருக்கும், மணி பார்க்கவே இல்லை. பாய் இரண்டு தடவை, "அண்ணே, பஸ்ஸைப் புடிச்சு ஏத்திவிட்ருவோமா?" என்று கேட்டார். "இந்தா முடிஞ்சுச்சு பாய்" என்றேன்.

அப்போது மரத்தடியிலிருந்து ஓர் அம்மா எழுந்து வந்தார். பேச்சியம்மாள் என்று பெயர். என்னைவிட ஒன்றிரண்டு வயது கூட இருக்கும். கூலிக்கு நடவு நட்டுப் பிள்ளைகளைப் படிக்க வைத்தவர், இப்போது சொந்தமாக அரை ஏக்கரில் கத்தரி போடுகிறார் என்று பின்னால் பாய் சொன்னார். வீங்கிய காலை மெதுவாக எடுத்து வைத்து வந்து என் பக்கத்தில் நின்றார்.

"ஏப்பா, ஒண்ணு கேக்கேன். இது கழண்டாத்தான் நாங்க போகணுமா? நாங்க போனப்புறம் இது கழண்டா ஆகாதா?"

கோபமாகக் கேட்கவில்லை. சந்தேகம் கேட்கிற மாதிரிதான் கேட்டார். நான் உளியைக் கீழே வைத்தேன்.

"ஆகும்க்கா" என்றேன்.

எழுந்து ரோட்டுக்கு ஓடினேன். முதலில் வந்த பஸ் நிற்கவில்லை. அடுத்த பஸ்ஸுக்கு நான் நடு ரோட்டில் கையை விரித்துக்கொண்டு நின்றுவிட்டேன். டிரைவர் திட்டிக்கொண்டே நிறுத்தினார். மரத்தடியைக் காட்டினேன். அந்தப் பெரியவரைப் பார்த்ததும் அவர் வேறு எதுவும் பேசவில்லை. கண்டக்டர் இறங்கிவந்து பெரியவரை ஒரு பக்கம் தாங்கினார். உள்ளே, முன் சீட்டில் இருந்தவர்கள் சொல்லாமலே எழுந்தார்கள். பாயும் அவர்களோடு ஏறினார். மேலூரில் ஓர் ஆட்டோவோ ஆம்புலன்ஸோ பிடித்துப் பெரியவரை மட்டும் முன்னால் கொண்டுபோவது என்று படியில் நின்றே பேசிக்கொண்டோம்.

பஸ் போனதும் நான் ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டேன். டயாலிசிஸ் பிரிவில் ஒரு நர்ஸ் எடுத்தார். "சிஸ்டர், கொட்டாம்பட்டி வேன் வர லேட்டாகும். நட்டை நான்தான் தப்பா இறுக்கிட்டேன். அவங்க மேல தப்பில்ல, அவங்க சீட்ட வேற யாருக்கும் குடுத்துறாதீங்க" என்று என்னென்னவோ சொன்னேன்.

அவர் முழுசாகக் கேட்டுக்கொண்டு, "யாருக்கு மூச்சு வாங்குது? அதை மொதல்ல சொல்லுங்க" என்றார்.

சொன்னேன். "சரி, அவருக்கு இப்பவே ரெடி பண்றேன். மத்தவங்க வரட்டும், பாத்துக்கலாம்" என்று வைத்துவிட்டார். நான் காலையிலிருந்து ஒளிக்கப் பார்த்த விஷயத்தை அவர் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. அவருக்கு அது தேவைப்படவில்லை.

மேலூரில் ஆம்புலன்ஸ் கிடைத்துப் பெரியவர் ஒன்பதரைக்குள் போய்விட்டார். மற்ற ஐந்து பேருக்கும் இரண்டு மணி நேரம் தள்ளி மெஷின் கிடைத்தது. அன்றைக்குச் சாயங்காலம் ஆறு பேரும் வேறு வண்டியில் வீடு போய்ச் சேர்ந்தார்கள். பாய் போன் செய்து சொல்லும்வரை எனக்குச் சோறு இறங்கவில்லை.

பஸ் போன பிறகு ரோட்டோரத்தில் நான் தனியாக அந்தச் சக்கரத்தோடு இருந்தேன். அவசரம் போனதும் கை நிதானமாகிவிட்டது. கோணல் நட்டை உளியால் பிளந்து எடுத்தேன். உள்ளே மரை, சீவிய பென்சில் தூள் மாதிரி சுருண்டு வந்தது. ஸ்டெப்னியை மாட்டி, மிச்சம் மூன்று ஸ்டட்டில் மெதுவாக ஓட்டிக்கொண்டு போய்விடலாம் என்று ஒரு எண்ணம் வந்தது. காலையில் என்றால் செய்திருப்பேன். அன்றைக்கு ரெக்கவரி வண்டியை வரச்சொல்லித் தூக்கிக்கொண்டு போனேன்.

முதலாளியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கன்னை மாற்ற வேண்டும் என்றேன்.

"கன் என்னய்யா பண்ணுச்சு? வெரலை எடுக்காதது நீதானே?" என்றார்.

"ஆமாங்க. எடுக்கலாம்னு நெனச்சேன், அதுக்குள்ள முடிஞ்சுபோச்சு. நெனைக்கிறதுக்கு நேரம் குடுக்கிற கன்னா வேணும்."

அவர் சொன்னதும் சரிதான், நான் சொன்னதும் சரிதான். தப்பு என்னுடையது. ஆனால் நாளைக்கும் மூன்று பஸ் வரிசையில் நிற்கும், நாளைக்கும் ஒருவர் ஹாரன் அடிப்பார். அந்த நேரத்தில் கையில் என்ன இருக்கிறது என்பது முக்கியம். பெரிய கன் பஸ்ஸுக்கு இருக்கட்டும், மற்ற வண்டிக்கு ஒரு சின்னக் கன் பார் என்று சொல்லிவிட்டார்.

டவுனில் டூல்ஸ் கடைக்குப் போனேன். கவுண்டரில் இருந்தவர் பெட்டிகளை அடுக்கி, எவ்வளவு பலமாகத் திருப்பும் என்று ஒவ்வொன்றிலும் போட்டிருந்த எண்ணைப் படித்துக் காட்டினார். எது அதிகமோ அது நல்லது என்கிற கணக்கு. கடைக்குப் பின்னால் ரிப்பேர் மேசை ஒன்று உண்டு. அங்கே என் வயதுக்காரர் ஒருவர், பழுதாகி வந்த கன்களைப் பிரித்துப் போட்டு உட்கார்ந்திருந்தார். வருஷக்கணக்கில் அந்தச் சத்தத்திலேயே இருந்து அவருக்குக் காது மந்தம். வேன் நட்டுக் கதையை நான் கவுண்டரில் கத்திச் சொன்னது அவருக்கும் கேட்டுவிட்டது. வா என்று கையைக் காட்டினார். அவர் பெயரை நான் கடைசிவரை கேட்டுக்கொள்ளவில்லை. அது ஒரு குறைதான்.

"பெட்டியில போட்டிருக்கிற பெரிய நம்பர் கழட்டுற பக்கத்துக்கு. நீ கெடுத்தது இறுக்குற பக்கம். நம்பரைப் பாத்து என்ன பண்ணப் போற?" என்றார்.

மேசையில் இருந்த வைஸ் இடுக்கியில் ஒரு நீளப் போல்ட்டை நிமிர்த்திப் பிடித்தார். காலித் தீப்பெட்டி ஒன்றில் ஓட்டை போட்டுப் போல்ட்டின் அடிவரை இறக்கினார். மேலே நட்டை விரலால் ஏற்றினார். "கன்னை வச்சு நட்டை எறக்கு. தீப்பெட்டியைத் தொடணும். நசுங்கக் கூடாது" என்றார்.

முதலில் கவுண்டர்காரர் புகழ்ந்த கன். விசையைத் தொட்டேனோ இல்லையோ, தீப்பெட்டி அட்டையாகிவிட்டது. அவர் சிரிக்காமல் இன்னொரு பெட்டியில் ஓட்டை போட்டார். அடுத்த கன், மெதுவாகத்தான் கிளம்பியது. பாதி அழுத்தத்தில் ஒரு தாவு தாவியது. அந்தப் பெட்டியும் போச்சு. மூன்றாவது கன் என் ஒரு சாண் நீளம் கூட இல்லை. விசையை லேசாக அழுத்தினால் நட்டு ஊர்ந்தது. இன்னும் கொஞ்சம் அழுத்தினால் இன்னும் கொஞ்சம். விரலை விட்டால் அந்த இடத்திலேயே நின்றது, ஒரு சுற்றுகூட மிச்சமாக ஓடவில்லை. தீப்பெட்டியின் மேல் நட்டு போய் உட்கார்ந்தது. ஒரு மூலைகூட மடங்கவில்லை.

"இன்னும் நாலு தடவை பண்ணு. ஒரு தடவை வாரது அதிர்ஷ்டம்" என்றார். பண்ணினேன். பிறகு கிரீஸ் கையுறையைப் போட்டுக்கொண்டு பண்ணச் சொன்னார். பிறகு கையை உயரத் தூக்கிப் பிடித்து, வண்டிக்கு அடியில் படுத்திருக்கிற மாதிரி பண்ணச் சொன்னார். உங்களுக்கும் அதையே சொல்கிறேன். கடையில் நின்றபடி சும்மா காற்றில் ஓட்டிப் பார்த்தால் எல்லாக் கன்னும் நல்ல கன்தான்.

அவர் கேட்ட இன்னொரு கேள்வியை நான் எதிர்பார்க்கவில்லை. உங்க கம்ப்ரஸர் எம்புட்டுப் பெரிசு என்றார். சொன்னேன். தலையை ஆட்டினார். பெரிய கன் குடிக்கிற காற்றுக்கு அந்தக் கம்ப்ரஸர் ஈடு கொடுக்காது. முதல் நட்டுக்கு முழு பலம் போகும், ஆறாவதுக்குக் குறைந்துவிடும். ஒரே சக்கரத்தில் ஒரு நட்டு அசைக்க முடியாமல் இறுகியிருக்கும், இன்னொன்று சும்மா தொட்டுக்கொண்டிருக்கும். இத்தனை வருஷம் வேலை பார்த்தும் அதை நான் யோசித்ததில்லை.

அந்தச் சின்னக் கன்னைத்தான் வாங்கினேன். முன்னே பின்னே திருப்பும் பொத்தானைப் பிடித்த கையின் கட்டை விரலாலேயே மாற்றலாம். ஒரு கையில் கன், இன்னொரு கையில் நட்டு. ஒர்க்‌ஷாப்பில் எடுத்து வைத்ததும் எல்லோரும் சிரித்தார்கள். "என்னண்ணே, தலை காய வைக்கவா?" என்றான் ஒருவன். "ஆமா மாப்ள, குளிச்சிட்டு வா" என்றேன்.

முதல் மாதத்திலேயே ஒரு காரில் நட்டு கோணலாகப் பிடித்தது. விரலை லேசாகத்தான் வைத்திருந்தேன், அரைச் சுற்றில் கன் முனகியது. விட்டேன். பின்னால் திருப்பினேன், நட்டு கையில் வந்தது. துணியால் துடைத்து விரலால் ஏற்றினேன், நேராகப் போனது. அவ்வளவுதான். பக்கத்தில் இருந்தவனுக்கு ஏதோ நடந்தது என்றே தெரியாது.

கன்னால் நட்டை உட்கார வைப்பதோடு நிறுத்திக்கொண்டேன். கடைசி இறுக்கம் கையால், டார்க் ரென்ச்சில். அது வேண்டிய அளவு வந்ததும் டிக்கென்று சொல்லிவிடும். அதற்கு மேல் நம் வீரத்துக்கு அங்கே வேலை இல்லை.

சிக்கந்தர் பாய் வேறு ஒர்க்‌ஷாப்புக்குப் போய்விடுவார் என்றுதான் நினைத்தேன். இரண்டு மாதம் கழித்து வந்தார். நான் வேலையை முடித்ததும், வேனுக்குள்ளிருந்து தன்னுடைய சொந்த வீல் ஸ்பேனரை எடுத்து வந்தார். "தப்பா நெனைக்காதீங்கண்ணே" என்று சொல்லிவிட்டு, அத்தனை பேர் பார்க்க, நான் மாட்டிய சக்கரத்தில் ஒவ்வொரு நட்டாகக் கழற்றிப் பார்த்தார். எனக்கு முகம் சுட்டது. ஆனாலும் அவர் கழற்றிய ஒவ்வொன்றையும் பின்னாலேயே டார்க் ரென்ச்சோடு போய் இறுக்கினேன். ஆறும் அவர் கைக்கு வந்தது. ஸ்பேனரைத் துடைத்து உள்ளே வைத்துவிட்டு, "வாரேன்ணே" என்று கிளம்பினார்.

அடுத்த முறையும் அப்படித்தான். அதற்கடுத்த முறை நான் சக்கரத்தை மாட்டி முடித்துப் பார்க்கிறேன், ஆளைக் காணோம். எதிர்த்த டீக்கடையில் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார். "நீங்க போட்டா சரியாத்தான்ணே இருக்கும், சாவிய மட்டும் குடுத்துவிடுங்க" என்று அங்கிருந்தே சத்தம் கொடுத்தார்.

அதைக் கேட்க எனக்கு எம்புட்டு ஆசையாக இருந்தது என்று சொல்லத் தெரியவில்லை. ஆனாலும் நான் சாவியைப் பைக்குள் போட்டுக்கொண்டு ரோட்டைத் தாண்டினேன்.

"எந்திரிங்க பாய். ரோட்டுல நிக்கப் போறது நீங்க. ஸ்பேனரை எடுத்துட்டு வாங்க."

"இம்புட்டு தூரம் நம்புறேன், பெறகு என்னண்ணே?"

"நம்புங்க. நம்பிக்கிட்டே கழட்டிப் பாருங்க."

டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து வந்தார்.